கல்லாமேசைக்கு இரட்டைச் சில்லு எதற்கு?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய மளிகை வியாபாரிகள் நம் பழனி வட்டாரத்தில் பலர். நாமும் வாங்கினோம். வாங்கிய விதத்தில்தான் கோட்டை விட்டோம். மற்ற உறுப்பினர்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறோம்.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் வந்து இறங்கும் முன், கடை வாசலில் மூன்று டிவி மாட்டி விலைப்பட்டியலை ஓடவிட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். மூன்று திரைக்குத் தெம்பான கம்ப்யூட்டர் வேண்டும் என்று வெளியூரில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒருவரிடம் கேட்டோம். ‘அண்ணாச்சி, இதுல ரெண்டு சில்லு இருக்கு. அஞ்சு திரை வரைக்கும் மாட்டலாம். அந்தக் காலத்துல இதோட விலையே வேற’ என்றார். விலை சகாயமாகத் தெரிந்தது. மிளகாய் மூட்டையைக் கையை விட்டுக் கிளறிப் பார்க்காமல் வாங்காத நாம், இந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கி வந்தோம்.

அதற்குள் இருந்தது 2011 மார்ச்சில் ஏ.எம்.டி. வெளியிட்ட ராடியான் ஹெச்.டி. 6990 என்ற கிராபிக்ஸ் கார்டு. அதில் இரட்டைச் சில்லு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இரண்டும் பாடுபடுவது பெரிய விளையாட்டுகளுக்காக. விளையாட்டு மென்பொருள் வேலையைப் பங்கு பிரித்துக் கொடுத்தால்தான் இரண்டாவது சில்லுக்கு வேலை. துவரம்பருப்புக்குப் பில் போடுவதில் அதற்குப் பங்கே கிடையாது. கட்டுச்சோற்று மூட்டை தூக்க இரட்டை மாட்டு வண்டி பூட்டிய கதைதான்.

இதன் மின்சாரப் பசியைக் கேளுங்கள். மதர்போர்டில் செருகும் வாய் வழியாக 75 வாட், எட்டு முள் இணைப்பு இரண்டின் வழியாகத் தலா 150 வாட், ஆக மொத்தம் 375 வாட் வரை அந்த ஒரு கார்டு இழுக்கும். நம்மில் பலர் கடையில் வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட்தான். விற்றவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்பதை அவர் மனசாட்சிக்கே விடுகிறோம்.

பில் போடும் வேலைக்குக் கார்டு முழு வேகத்தில் ஓடாது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை மாட்டினால் இத்தகைய கார்டுகள் சும்மா இருக்கும்போதுகூட முழுமையாக ஓய்வெடுப்பதில்லை. எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது கம்ப்யூட்டர் மட்டுமே 200 வாட்டை ஒட்டி இழுத்தது. நாளுக்கு 12 மணி நேரம் கடை திறந்திருந்தால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். 50 வாட்டில் ஓடும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அதே கணக்கில் 36 யூனிட்தான். வீட்டு இணைப்புக்கு உள்ளதுபோல் 100 யூனிட் இலவசம் கடைக்கு இல்லை. வணிக இணைப்புக்கு யூனிட் கட்டணம் போக, கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் சேர்கிறது.

அடுத்தது திரை மாட்டும் வாய். டிவியில் இருப்பது ஹெச்.டி.எம்.ஐ. கார்டின் முதுகில் இருந்ததோ ஒரு டி.வி.ஐ.யும் நான்கு மினி டிஸ்பிளேபோர்ட்டும். மலிவான மாற்றிகள் மூன்று வாங்கி மாட்டினோம். இரண்டு டிவியில் படம் வந்தது, மூன்றாவது இருட்டு. டிவி கெட்டுவிட்டது என்று அதை மாற்றிப் பார்த்தோம், அப்போதும் இருட்டு. பிறகுதான் விஷயம் விளங்கியது. மலிவு மாற்றி தானாக எதையும் மாற்றுவதில்லை. கார்டையே ஹெச்.டி.எம்.ஐ. பாஷையில் பேசச் சொல்கிறது. அந்தக் கார்டால் அப்படி இரண்டு திரைகளுக்கு மட்டுமே பேச முடியும். மூன்றாவது திரைக்குத் தானே மாற்றிக் கொடுக்கும் ‘ஆக்டிவ்’ மாற்றி வேண்டும். அது விலை கூடுதல். ‘அஞ்சு திரை’ என்று சொன்னவர் இதைச் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று மாலை கரண்ட் போனது. கம்ப்யூட்டரையும் டிவிகளையும் சேர்த்து யு.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தோம். அது ஒருமுறை கத்திவிட்டுப் படுத்துவிட்டது. பாதி போட்ட பில் போயிற்று. வரிசையில் நின்றவர்களும் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அன்று இழந்த வியாபாரத்தோடு ஒப்பிட்டால் மின்கட்டணம் எல்லாம் சில்லறைக் காசு.

கொடைக்கானல் உறுப்பினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ‘டிசம்பர் குளிருக்கு எங்க கடையில வெச்சா அடுப்பு செலவாவது மிஞ்சும் அண்ணாச்சி’ என்று சிரித்தார். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வருகிறது என்பதால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் மலையில் மரங்களைச் சாய்த்து மின்சாரத்தைத் துண்டித்ததை அவரும் மறந்திருக்க மாட்டார். டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு வாட்டும் காசு.

இத்தகைய கார்டுகளை உருவாக்கியவர்கள் நம்மை நினைத்து உருவாக்கவில்லை. தமிழகத்தில் கடும் மின்வெட்டு நிலவிய 2012-ல்தான் என்விடியா 300 வாட்டில் ஜி.டி.எக்ஸ். 690 என்ற இரட்டைச் சில்லுக் கார்டை 999 டாலருக்கு விற்றது. 2014-ல் ஏ.எம்.டி.யின் ஆர்9 295 எக்ஸ்2 வந்தது. அதற்கு 500 வாட். இன்று இரட்டைச் சில்லு மோகம் ஓய்ந்துவிட்டது. ஆனால் 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 ஒற்றைச் சில்லிலேயே 575 வாட் கேட்கிறது. இவையும் ஒருநாள் பழைய சரக்காக நம் ஊருக்கு வரத்தான் போகின்றன. நாம் வாங்கிய கார்டின் வரிசையை 2015-லேயே அதன் நிறுவனம் பழைய பட்டியலில் தள்ளிவிட்டது. நம் தொழிலில் இதற்குக் காலாவதி என்று பெயர்.

பொட்டலத்தில் எடையும் விலையும் தேதியும் அச்சிடாவிட்டால் நமக்கு அபராதம். எடைக்கல்லுக்கு முத்திரை வேண்டும். பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரச் சீட்டு உண்டு. பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா? கம்ப்யூட்டர் விற்கும் அன்பர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பில்லிலேயே கார்டு எத்தனை வாட், முதுகில் என்னென்ன வாய், எத்தனை டிவி நேராக மாட்டலாம், வெளிவந்த ஆண்டு எது என்ற நான்கையும் எழுதித்தர வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் கேட்போம்.

இப்போது நம் கடையில் தனிக் கார்டே கிடையாது. இன்டெல் 2012-லேயே சில்லுக்குள் மூன்று திரை வசதியைக் கொடுத்துவிட்டது. முதுகில் தேவையான வாய்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து ஒரு சிறிய பெட்டி வாங்கினோம். மூன்று டிவியும் எரிகின்றன. பழைய கார்டு குடோனில் புளி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யாராவது கேட்டால் வாட் கணக்கை எழுதிக் கொடுத்துத்தான் விற்போம்.