மாசமா இருக்கிற பெண்ணுக்கு பெல்லி டான்ஸா? முதல்ல பிங்க் புத்தகத்தைத் திறங்க



கொஞ்ச நாளா நம்ம பக்கத்துல ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. மாசமா இருக்கிற பெண்களுக்கு பெல்லி டான்ஸ் வகுப்பு நடத்தலாமா, அதுக்கு மண்டபத்தைக் கொடுக்கலாமா? "ச்சே, மானம் போயிடும்"னு ஒரு பக்கம். "அதை ஆடினா சுகப்பிரசவம் நிச்சயம்"னு இன்னொரு பக்கம். தொண்டூழியர்கள் நாங்க எங்க கருத்தை நேரடியா சொல்லிடறோம். வகுப்பு நடக்கலாம். ஆனா பாதுகாப்பு விதி இல்லாம ஒரு நாள்கூட நடக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் பேசாம விட்டது இந்த விதிகளைத்தான்.

முதல்ல மானப் பிரச்சினை. அரபு மொழியில இந்த ஆட்டத்துக்குப் பேர் ரக்ஸ் ஷர்க்கி, அதாவது கிழக்கத்திய நடனம். 'வயிறு' அந்தப் பேர்லயே கிடையாது. அது மேற்கத்தியர்கள் வெச்ச பேர். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பிறகுதான் அமெரிக்காவில் அது பிரபலமாச்சு. எகிப்து, மொராக்கோ பக்கமெல்லாம் கல்யாண வீட்டுல பெண்கள் பெண்களுக்குள்ளேயே இடுப்பசைச்சு ஆடறது வழக்கம். சினிமாவுல பார்த்த உடுப்பை மனசுல வெச்சுக்கிட்டு முடிவு பண்ண வேண்டாம். தளர்வான பஞ்சாபி சூட், கதவு சாத்திய மண்டபம், பெண் ஆசிரியர், உள்ளே பெண்கள் மட்டும். ஃபேனும் தண்ணியும் எடுத்து வெச்சிட்டு ஆண் தொண்டூழியர்கள் வெளியே வந்துடலாம். இதுல மானம் எங்கே போகுது?

அடுத்தது, இது ஏன் தேவை? 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பார்த்தா 31.4 விழுக்காடு. கர்ப்ப காலத்துச் சர்க்கரையும் நம்ம வீடுகளுக்குப் புதுசு இல்லை. ஆனா ஒரு பெண் மாசமானதும் நாம சொல்ற முதல் வார்த்தை "ஆடாம அசையாம இரு, ரெண்டு பேருக்குச் சாப்பிடு". உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது நேர் எதிர். தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடலசைவு செய்யணும். மாக் மண்டின் பேக்டரியில ஷிப்ட் முழுக்க நிக்கிற பெண்கள் "அதுவே எக்ஸர்சைஸ்தானே"ன்னு கேட்கறாங்க. ஒரே இடத்துல நிக்கிறதுல கால்தான் வீங்கும். அசைவு வேற.

பெல்லி டான்ஸ்ல மெதுவான அசைவுகள் இதுக்குப் பொருத்தமாவே இருக்கு. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தைத் தரையில ஊன்றி, இடுப்பை வட்டமா சுத்தறது, எட்டு போடறது, பக்கத்துக்குப் பக்கம் அசைக்கிறது. வயிறு முன்னால வர வர முதுகு வளைஞ்சு வலிக்கும். இந்த அசைவு அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். குதிக்கிறது இல்லை, ஓடறது இல்லை.

ஆனா அதே ஆட்டத்துலதான் ஆபத்தும் இருக்கு. கர்ப்பத்துல சுரக்கிற ரிலாக்சின் மாதிரி ஹார்மோன்கள் மூட்டுகளைத் தளர்த்தும். வயிறு பெருத்ததால உடம்போட சமநிலையும் மாறியிருக்கும். அதனால பின்பக்கம் வளையறது, வேகமா சுழல்றது, இடுப்பை வெட்டி வெட்டி அடிக்கிறது, வயித்துத் தசையை இறுக்கி உருட்டறது எதுவும் வேண்டாம். முதல் மூணு மாசத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்ற பயிற்சியும் வேண்டாம். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரலாம். நம்ம ஊர் வெக்கையில காத்தோட்டமும் தண்ணியும் கட்டாயம். வழுக்கற டைல்ஸ்ல எண்ணெய், தண்ணி சொட்டுகூட இருக்கக் கூடாது. எவ்வளவு வேகம் சரின்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி: ஆடும்போதே சாதாரணமா பேச முடியணும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்னா வேகத்தைக் குறைக்கணும்.

இப்போ முக்கியமான விஷயம், யாரைச் சேர்க்கறது? இதுக்கு நம்ம நாட்டுலயே நல்ல கருவி இருக்கு. கிளினிக் கெசிஹாத்தான்ல கொடுக்கிற பிங்க் புத்தகம். அதுல ஒட்டற வண்ணக் குறி வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஆபத்தின் அளவைச் சொல்லும். எங்க யோசனை இதுதான். வெள்ளைன்னா மிஸ்ஸிகிட்ட சொல்லிட்டு வரலாம். பச்சைன்னா கிளினிக் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரணும். மஞ்சள்னா நிபுணர் டாக்டர் தெளிவா சரின்னு சொன்னா மட்டும். சிவப்புக்கு வகுப்பே கிடையாது. ஒவ்வொரு செக்கப்லயும் இந்த வண்ணம் மாறலாம். அதனால சேரும்போது மட்டும் பார்த்தா போதாது, ஒவ்வொரு வகுப்புக்கும் புத்தகம் கையில வரணும்.

நஞ்சு கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மறைச்சிருக்கு, கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டிருக்கு, குறைமாசத்துல வலி வந்திருக்கு, கர்ப்பத்துல பிரெஷர் ஏறி சிறுநீர்ல புரதம் போகுது, ரத்தம் ரொம்பக் குறைவு, இதய நோய்னு டாக்டர் சொல்லியிருந்தா, ஆசிரியர் "வேண்டாம்மா"ன்னு சொல்லத் தெரிஞ்சவரா இருக்கணும். நல்லா ஆடத் தெரிஞ்சா மட்டும் போதாது. கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கத்துக்கிட்டவரா, முதலுதவி தெரிஞ்சவரா இருக்கணும். கட்டணம் வாங்கிட்டு வயித்தைப் பார்த்து மாசத்தை யூகிக்கிற வகுப்பு நமக்கு வேண்டாம்.

ஆடும்போது ரத்தம் பட்டா, நீர் கசிஞ்சா, வயிறு விட்டு விட்டு இழுத்து வலிச்சா, தலை சுத்தினா, நெஞ்சு வலிச்சா, கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, உடனே நிறுத்தணும். "கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்"னு சொல்லாதீங்க. மருத்துவமனைக்குப் போங்க, இல்லன்னா 999.

கடைசியா, 'சுகப்பிரசவம் கேரண்டி'ன்னு விளம்பரம் பண்றவங்களைப் பத்தி. இரான்ல முதல் பிரசவத்துக்கு வந்த 60 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்து 2014-ல் வெளிவந்தது. பிரசவ வலி நேரத்துல நின்னபடி இடுப்பை அசைச்சு, கூட இருக்கிறவர் முதுகைத் தேய்ச்சு விட்டப்போ, வலி குறைவா இருந்ததா அந்தப் பெண்கள் சொன்னாங்க. நல்ல சேதி. ஆனா அது சின்ன ஆய்வு. ஆபரேஷன் தேவைப்படாதுன்னு அது சொல்லலை. கேரண்டியை நம்பி ஆடின ஒரு பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன் ஆனா, "நான்தான் சரியா ஆடலையோ"ன்னு அவ மனசு உடையும். அந்தப் பழியை எந்தப் பெண் தலையிலும் போடக் கூடாது.

மாமியார்மார்களே, வளைகாப்புக்கு வளையல் போட்டுவிடற நீங்க, வாரத்துல ஒரு நாள் மருமகளோட மண்டபத்துக்கும் வாங்க. அண்ணன்மார்களே, மனைவியோட பிங்க் புத்தகத்துல இப்போ என்ன வண்ணம்னு உங்களுக்குத் தெரியுமா? இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்க. கோயில் நிர்வாகங்கள் மண்டபம் கொடுக்கும்போது வாடகையைப் பேசறதுக்கு முன்னாடி இந்த விதிகளைப் பேசுங்க. மாசமா இருக்கிற பெண் உள்ள எல்லா வீட்டுக்கும் இதைப் பகிருங்க.