பட்டறைக்குத் திரும்பும் காது

செவிப்பறையில் ஓட்டை விழுந்து, சீழ் வடிந்துகொண்டே இருக்கும் காதுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை, நம் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்குக் கைவந்த ஒன்று. காதுக்கு மேலே, பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓட்டையின் மேல் ஒட்டுப் போடுகிறார்கள். சிலர் காதுத் துவாரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து ஓ.பி.க்கு வரும்போது ஒட்டு பிடித்திருந்தால், பி.ஜி. மாணவரின் தீசிஸில் அந்த நோயாளி வெற்றிக் கணக்கில் சேர்வார். சவ்வா, குருத்தெலும்பா, எது நன்றாகப் பிடிக்கிறது என்று ஒப்பிடும் தீசிஸ்கள் நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் மிகச் சாதாரணம்.

அந்த நோயாளி அம்பத்தூரில் பவர் பிரஸ் ஓட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரித்து, காது காய்ந்து, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் போய் நிற்கும் இடம் அதே மெஷின். தகட்டை டையில் வைப்பது, பெடலை மிதிப்பது, தட் என்று இறங்கும் சத்தம், அடுத்த தகடு. ஓட்டை இருந்தவரை அவருடைய உட்காதுக்கு வீட்டுப் பேச்சும் குறைவாகத்தான் போனது, மெஷின் சத்தமும் குறைவாகத்தான் போனது. இப்போது இரண்டும் முழுதாகப் போகும். அப்படியென்றால் அறுவை சிகிச்சை அந்தக் காதை இரைச்சலுக்குத் திறந்துவிட்டதா? அல்லது, சீழ் வடிந்த காலத்தில் இயர் பிளக் வைக்க முடியாமல் இருந்தவர் இனி வைத்துக்கொள்ளலாம் என்பதால் காப்பாற்றியதா? சீழே உட்காதுக்குள் கசிந்து ஒலியை உணரும் மயிர்ச்செல்களைக் கெடுக்கும் என்பதும் உண்டு. அதனால் ஓட்டையை விட்டுவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. மருத்துவ இலக்கியத்தில் இரு பக்கமும் வாதங்கள் இருக்கின்றன. மூன்றாவது மாதத்தோடு நின்றுவிடும் ஆய்வால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டு கழித்து அந்த மனிதருக்கு என்ன கேட்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கேள்வியைக் கேட்க மேற்குச் சென்னையை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் அமைந்து, விஜயந்தா முதல் அர்ஜுன் வரை நாட்டின் பீரங்கி வண்டிகள் அங்கே உருவாயின. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் பிறந்தது. பாடியின் வாகன உதிரிபாக ஆலைகள், திருமழிசை, காக்களூர், திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டைகள் என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வட்டாரம் இரும்பை அடித்தும் வளைத்தும் அறுத்தும் பிழைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் மருத்துவக் கல்லூரிகள்: போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., தண்டலத்தில் சவீதா, சிக்கராயபுரத்தில் ஸ்ரீ முத்துக்குமரன், பூந்தமல்லியை ஒட்டி வரதராஜபுரத்தில் பனிமலர், சற்றுத் தள்ளி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. ஷிஃப்ட் முடிந்து வருபவர் ஒரே பஸ்ஸில் ஏறி இவற்றில் ஏதாவது ஒன்றின் வாசலில் இறங்கிவிடலாம். இவ்வளவு நெருக்கத்தில் நோயும் ஆய்வாளரும் அமைவது அபூர்வம்.

இரைச்சலால் கெடும் காது எப்படி வந்து நிற்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காது கேட்கவில்லை என்று அவர் வருவதில்லை. "காதுக்குள்ள கொய்ங்னு ஒரே சத்தம், ராத்திரி தூக்கமே இல்ல" என்றுதான் வருவார். கூட வந்த மனைவி, டி.வி.யை அலற விடுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பார். சோதனை அறையில் ஹெட்ஃபோனை மாட்டிச் சிறு சிறு ஒலிகளை அனுப்பி ஆடியோகிராம் எடுக்கிறார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு கோடுகளும் தொடக்கத்தில் சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் விழுந்து, 8,000-இல் கொஞ்சம் ஏறும். இரைச்சல் போட்ட கையெழுத்து அந்தப் பள்ளம்தான். பேச்சின் உயிர் ஒலிகள் தாழ்ந்த அதிர்வில் இருப்பதால் அவை கேட்கும், மெய்கள் மங்கும். 'பால்' என்றால் 'கால்' என்று கேட்கும். பேசுவது கேட்கிறது, புரியவில்லை என்று அவர் சொல்வது இதனால்தான். உட்காதில் செத்த மயிர்ச்செல் திரும்ப முளைப்பதில்லை. எந்த அறுவை சிகிச்சையாலும் அதைக் கொண்டுவர முடியாது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மூன்றாம் அட்டவணையில், இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பை அறிவிக்கத்தக்க நோயாகவே வைத்தது. அப்படி ஒரு தொழிலாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் அதே தொகுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இடம் தொழிற்சாலை எனப்படுவதற்கு வேண்டிய ஆள் எண்ணிக்கையை 10-இலிருந்து 20-ஆக உயர்த்திவிட்டது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப் அந்தச் சொல்லுக்கு வெளியே போய்விட்டது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்பதும் அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். காதுக்கு மட்டும் அது தாமதம். இரைச்சல் தன் சேதத்தில் பெரும்பகுதியை வேலையின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே செய்து முடித்துவிடும். இருபது வயதில் பிரஸ்ஸில் நின்றவருக்கு நாற்பதில் சோதனை செய்தால், போனதைக் குறித்துவைக்கலாம், அவ்வளவுதான்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தன, 100 டெசிபல் என்றால் இரண்டு மணி நேரம். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைப்பது எட்டு மணி நேரத்துக்கு 85. அங்கிருந்து மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். ஒரே காதுக்கு ஒரு கணக்கில் இரண்டு மணி நேரம், இன்னொரு கணக்கில் கால் மணி நேரம். அம்பத்தூர்க் காதுக்கு எது சரி என்பதை அம்பத்தூர்க் காதுகளை ஆண்டுக்கணக்கில் அளந்துதான் சொல்ல வேண்டும். அந்தக் காதுகளில் பலவற்றில் சிறு வயதுச் சீழும் ஓட்டையும் ஏற்கெனவே உண்டு. செவிப்பறை முழுதாக உள்ளவர்களை வைத்துப் போட்ட அட்டவணையை அப்படியே அவற்றின் மேல் வைக்க முடியாது.

ஏன் நம் கல்லூரிகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை? மருத்துவர்களின் அக்கறைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் காலண்டரில் இருக்கிறது. எம்.எஸ். படிப்பு மூன்று ஆண்டு. முதல் ஆண்டில் தலைப்பும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் கொடுத்தாக வேண்டும். இடையில் நோயாளிகளைச் சேர்க்கவும் பின்தொடரவும் ஒன்றரை ஆண்டு கிடைத்தால் பெரிது. ஆகவே அறுபது பேர், மூன்று மாதம், ஒட்டு பிடித்ததா இல்லையா. அந்த மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் அறுபது பேரின் தாளும் மெடிக்கல் ரெக்கார்டு அறைக்குப் போகிறது. அடுத்த மாணவர் புதிதாக அறுபது பேரைத் தேடுகிறார். பக்கத்துக் கல்லூரியிலும் இதே கதை. அறுபது பேரை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது எழுதுபவருக்கும் தெரியும், திருத்துபவருக்கும் தெரியும்.

பிரிட்டனில் மூக்குத் தண்டு வளைவுக்கான அறுவை சிகிச்சை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்க 17 மருத்துவமனைகள் சேர்ந்து 378 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு மூக்கு ஸ்பிரே. அறுவையே மேல் என்ற முடிவு 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தனித்தனியாக 17 மருத்துவமனைகளும் இருபது இருபது பேரை வைத்து எழுதியிருந்தால் 17 கட்டுரைகள் மிஞ்சியிருக்கும், விடை கிடைத்திருக்காது.

வெளிநாட்டைக் காட்டி நம்மைக் குறை சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உலகத்துக்கே வழிகாட்டிய ஆய்வு ஒன்று சென்னையில் நடந்திருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நம் ஊர் ஏழைகளுக்கு உரிய கேள்வியைக் கேட்டது: மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டுமா, வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே குணமாகுமா? 193 நோயாளிகள், பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் சானடோரியத்தில். குடிசை வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, நெரிசல் எல்லாம் இருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. முடிவு 1959-இல் வெளியானது, உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியது. நான் இதில் அதிகம் மதிப்பது, ஐந்து ஆண்டு வரை அந்த நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்ததைத்தான். செல்போன் இல்லாத காலம், பலருக்கு நிலையான முகவரியே கிடையாது. வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களால் அது முடிந்தது. நம் நாளிலும் அந்த வழி அற்றுப்போகவில்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் செவியியல் துறையினர் கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் காதை அவர்கள் ஊரிலேயே சோதிக்க வைத்து, சந்தேகம் வந்த குழந்தைகளுக்கு மேல்சோதனையைத் தொலைவிலிருந்தே செய்துகாட்டி, 2018-இல் அதை வெளியிட்டார்கள்.

எனவே நான் கேட்பது இது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைத் துறைகள் ஒரே ஆய்வுத் திட்டத்தை எழுதட்டும். பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்குச் செவிப்பறை அறுவை சிகிச்சை செய்தால், முன்னால் ஒரு ஆடியோகிராம், அதன்பின் ஆண்டுக்கு ஒன்று, ஐந்து ஆண்டுக்கு. எந்த மெஷின், எத்தனை மணி நேரம், ஓவர்டைம் எவ்வளவு, பிளக் வைக்கிறாரா என்ற நாலு கேள்வி கேஸ் ஷீட்டிலேயே இருக்கட்டும். இன்றைய மாணவர் சேர்த்த நோயாளிகளை, தொடர் ஓட்டத்தில் கோலை வாங்குவதுபோல, அடுத்த ஆண்டு மாணவர் ஏற்றுக்கொள்ளட்டும். பழைய நோயாளிகளின் மூன்றாம் ஆண்டு நிலையை எழுதுவதே ஒரு முழு தீசிஸாக ஏற்கப்பட வேண்டும். கம்பெனி மாறினால் ஆளைத் தவறவிடுவோமே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, வேலை எங்கே மாறினாலும் அந்தக் காப்பீட்டு எண் கூடவே வரும். இ.எஸ்.ஐ. கழகமும் இதில் கைகோக்க வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, அதை மறைத்து எழுதக் கூடாது. காது மந்தம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று தொழிலாளி பயப்படுகிறார். நஷ்டஈடு கேட்பார் என்று சிறு முதலாளி பயப்படுகிறார், அவரும் கடனில் மெஷின் வாங்கியவர்தான். பட்டறைக்குள் போய்ச் சோதிக்கும் ஆய்வு முதலாளியின் அனுமதியோடு நடந்தால், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிஜத்தில் சுதந்திரம் இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும் ஒப்புதல் படிவம் வெறும் தாள். ஒடியாவிலும் இந்தியிலும் படிவம் வேண்டும், அதை வாசித்துச் சொல்ல அவர்கள் நம்பும் ஆள் ஒருவர் வேண்டும். ஒவ்வொருவரின் ஆடியோகிராமும் அவரவர் கைக்கு மட்டும் போக வேண்டும், முதலாளிக்குப் போவது பட்டறையின் இரைச்சல் அளவும் அதைக் குறைக்கும் வழியும் மட்டுமே. தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை மருத்துவருக்கு இருப்பதை, சோதனைக்கு முன்பே தொழிலாளியிடம் சொல்லிவிட வேண்டும். நெறிமுறைக் குழுக்கள் ஒப்புதல் தருவதற்கு முன் கேட்க வேண்டியவை இவைதான். அடுத்த பி.ஜி. அணிக்குத் தலைப்பு ஒதுக்கும் கூட்டங்கள் ஒவ்வொரு துறையிலும் எப்படியும் நடக்கும். இந்த ஒரு தலைப்பை எல்லாக் கல்லூரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பங்கிட்டுக்கொள்ளப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம்.