மேகத்தைக் கொண்டு காற்றை அளத்தல்

அமெரிக்க வானிலை ஆய்வாளர் வெர்னான் டுவோராக் 1970களில் வகுத்த முறை, செயற்கைக்கோள் படங்களில் தெரியும் மேகச் சுருள்களின் அமைப்பையும், புயலின் நடுவே காற்று தணிந்திருக்கும் 'கண்' பகுதிக்கும் அதைச் சூழ்ந்த மேகங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டையும் கொண்டு, புயலின் வலிமையை 1 முதல் 8 வரையான 'டி எண்' என்னும் அளவால் மதிப்பிடுகிறது. புயலுக்குள் விமானங்களை அனுப்பி அளவெடுக்கும் வழக்கம் நிலைபெறாத வங்கக் கடலில், இந்திய வானிலை ஆய்வுத் துறை இன்றும் இம்முறையையே பெரிதும் சார்ந்திருப்பது அதன் பயனுக்குச் சான்றாகும். எனினும், மேகத்தின் தோற்றத்திலிருந்து காற்றின் வேகத்தை உய்த்துணரும் இம்முறையை நேரடி அளவீட்டுக்கு நிகராகக் கொள்ளுதல் பொருந்தாது. புயல் செல்லும் பாதையைக் கணிப்பதில் கணினி மாதிரிகள் கண்டுள்ள முன்னேற்றம், அதன் வலிமை திடீரெனக் கூடுவதைக் கணிப்பதில் அதே அளவுக்குக் கைகூடவில்லை. புயலின் மையத்திலும் அதன் கீழுள்ள கடல்நீரிலும் போதிய அளவீடுகள் இல்லாமை அதற்கொரு முக்கியக் காரணம். ஆகவே, விமானத்திலிருந்து வான்குடையுடன் இறங்கியவாறே காற்று, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் கருவிகளிலும், கடல் வெப்பத்தை அளக்கும் மிதவைகளிலும் செய்யப்படும் செலவு, ஆராய்ச்சியாளர்களுக்கு அளிக்கும் சலுகையன்று. கடலோர மக்களின் உயிர்காப்புக்கு அரசு ஆற்றவேண்டிய அடிப்படைக் கடமையே ஆகும்.