கடாரத்துக்கு எதற்குக் கடன் வாங்கிய பேய்?

பள்ளி வேலைகளால் இப்பக்கத்தில் எழுதி வெகு நாள்கள் ஆகிவிட்டன. இன்று எழுதத் தூண்டியது ஒரு கோபம்.

மூன்று வாரங்களுக்கு முன்பு போர்ட் கிள்ளானில் என் வீட்டுக்கு ஒரு தாயார் வந்தார். அவர் மகள் என்னிடம் ஆறாம் ஆண்டுவரை பயின்றவள். இப்போது வயது பத்தொன்பது. தாயார் கையில் தட்டச்சு செய்த நாற்பது பக்கங்கள். "டீச்சர், இவ பேய்க்கும் மனுசிக்கும் காதல்னு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்றார்.

இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். கதை இதுதான். 1025-இல் இராசேந்திர சோழனின் படையோடு கடாரம் வந்த தளபதி ஒருவன் போரில் வெட்டுப்படுகிறான், ஆனால் சாகவில்லை. வெளிறிய முகமும் கோரைப்பல்லும் கொண்ட இரத்தம் குடிப்பவனாக மாறி, ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்கிறான். அவன் சிறைபிடித்த கடாரத்து இளவரசி இன்று பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் செல்லும் பெண்ணாக மறுபிறவி எடுத்திருக்கிறாள். இருவரும் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் சந்திக்கிறார்கள். அமானுஷ்யக் காதல் கதை என்று இவ்வகையைச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு மொழி கைவந்திருக்கிறது. சந்திப்பிழைகூட அதிகம் இல்லை. (ஐந்தாம் ஆண்டில் நான் பட்ட பாடு வீண்போகவில்லை!)

கோபம் வந்தது உண்மை. ஆனால் தாயார் எதிர்பார்த்த காரணத்துக்காக அன்று.

முதலில் பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பேயும் காதலும் தமிழ்ப்பண்பாட்டுக்கு ஆகாதவை என்பது நம் இலக்கியம் அறியாதவர் பேச்சு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விரும்பித் தொடர்கிறான். அவளோ மந்திரத்தால் காயசண்டிகை என்பவளின் உருவம் கொள்கிறாள். காயசண்டிகையின் கணவனான விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவிதான் வேறோர் ஆடவனோடு பேசுகிறாள் என்று எண்ணி, வாளால் உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். போதாக்குறைக்கு, உதயகுமரனும் மணிமேகலையும் முற்பிறவியில் கணவன் மனைவி! உருமாற்றம், மறுபிறவி, வானில் பறக்கும் விஞ்சையன், காதல், கொலை ஆகிய எல்லாமே அதில் இருக்கின்றன. தோட்டத்து எல்லையில் நம் பாட்டனார்கள் குடிவைத்துக் கும்பிட்ட மதுரை வீரன் மட்டும் யாராம்? பொம்மியையும் வெள்ளையம்மாளையும் காதலித்து, கால் கை வெட்டப்பட்டு மாண்டு, தெய்வமாக எழுந்தவன்தானே. அவனுக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துவிட்டு, பிள்ளை பேய்க்காதல் எழுதினால் மட்டும் நாம் முகம் சுளிப்பது நேர்மையாகாது.

இனி எழுதுகிற பிள்ளைகளிடம் வருகிறேன். என் கோபம் அவர்கள்மீதுதான். அவர்களுக்கு வரலாற்றை ஊட்டாத ஆசிரியர்களாகிய நம்மீதும்தான்.

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இருந்தபோது தேர்வுக்காகவே படித்தேன். இப்போது இந்தக் கண்ணோடு திரும்பப் பார்க்கிறேன். சுமார் 1110-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற உண்மைப் போர்தான் நூலின் பொருள். ஆனால் நூல் போரில் தொடங்கவில்லை. ஊடிக் கதவடைத்திருக்கும் மகளிரை அழைக்கும் கடைதிறப்பில், அதாவது காதலில், தொடங்குகிறது. பிறகு காடு, காளி கோயில், பசியால் வாடும் பேய்கள். இமயத்திலிருந்து வந்த கிழப்பேய் ஒன்று இந்திரசாலம் காட்டுகிறது. சோழர் வரலாற்றைக் காளிக்கு எடுத்துரைக்கிறது. கடைசியில் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிழப்பேய் சொல்லும் அந்த அரச பரம்பரை திருமாலில் தொடங்குகிறது, முற்பகுதி புராணம்தான். ஆனால் பிற்காலச் சோழர்களிடம் வந்ததும் பேய் உளறவில்லை. அப்பகுதியை வரலாற்றாசிரியர்கள் செப்பேடுகளோடும் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டுச் சான்றாகவே கையாள்கிறார்கள். பேய் கற்பனை, பேய் சொல்லும் செய்தி கற்பனை அன்று. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவர் இதைச் செய்து காட்டிவிட்டார். நம் பிள்ளைகளோ பேயையும் வெளிநாட்டில் வாங்குகிறார்கள், செய்தியையும் கைபோன போக்கில் இட்டுக்கட்டுகிறார்கள்.

என் மாணவியின் கதையில் தளபதி ஒளிந்திருப்பது கடாரத்தின் 'வானளாவிய கோபுரத்தில்'. கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கோபுரம் எதுவும் இல்லை. மெர்போக் அருங்காட்சியகத்தில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டியைப் பாருங்கள். (சண்டி என்றால் பழங்காலக் கோயில்.) கல் அடித்தளம், தாழ்ந்த சுவர், ஆங்காங்கே தூண் தாங்கும் கற்கள். அந்தக் கற்களின் நடுவே குழி இருக்கும். குழியில் மரத்தூண் நிற்கும். மேலே மரத்தாலான கூரை. மரமும் கூரையும் மழையில் மக்கிப்போக, கல் மட்டும் மிஞ்சியது. ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்கும் ஒருவனுக்கு இதைவிட நல்ல இருப்பிடம் வேண்டுமா? தன் தலைக்கு மேலிருந்த கூரை உளுத்து விழுவதை அவன் அல்லவா ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பான்! தஞ்சைக் கோபுரத்தைப் பெயர்த்துக் கெடாவில் நட்டதால் அந்தக் காட்சியை அவள் இழந்துவிட்டாள்.

கோரைப்பல்லுக்கும் அவள் டிராகுலாவிடம் போயிருக்கத் தேவையில்லை. பிராம் ஸ்டோக்கரின் அந்தப் புதினம் 1897-இல் வந்தது. கடாரத்துக்கு அதற்கும் முன்பே ஒரு கோரைப்பல் அரசன் உண்டு. ஹிக்காயத் மெரோங் மகாவங்சா என்னும் மலாய் நூல் ராஜா பெர்சியோங்கைப் பற்றிச் சொல்கிறது. சமையற்காரியின் விரல் வெட்டுப்பட்டு, கீரைக்குழம்பில் ஒரு துளி இரத்தம் விழுந்துவிடுகிறது. அஞ்சியபடியே அதைப் பரிமாறுகிறாள். அரசனுக்கு அந்தச் சுவை பிடித்துப்போகிறது. அதன்பின் மனித இரத்தம் இல்லாமல் உணவு இறங்கவில்லை, கோரைப்பல் முளைக்கிறது, குடிமக்களே எழுந்து அவனைத் துரத்துகிறார்கள். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் எழுதிய இக்கதை 1968-இல் திரைப்படமாகவும் வந்தது. கிள்ளான் உட்படப் பல இடங்களில் மண்ணுக்கடியில் கிடைத்த பழைய இரும்புக் கருவிகளை மலாய்க் கிராமத்தார் 'துலாங் மாவாஸ்', அதாவது ஒருவகைக் குரங்கின் எலும்பு, என்று நம்பினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலடியில் இவ்வளவு கிடக்கிறது.

கோபுரம்கூடப் பரவாயில்லை, திருத்திவிடலாம். என்னைச் சுட்டது வேறு. சிறைபிடிக்கப்பட்ட இளவரசி, தன்னைச் சிறைபிடித்தவனைப் பார்த்த கணமே காதல் கொள்கிறாள். அவளைக் கேட்டேன், "காஞ்சனாதேவி கதை மாதிரிதானே டீச்சர்" என்றாள். சாண்டில்யனின் கடல்புறாவில் வரும் காஞ்சனாதேவி கற்பனைப் பாத்திரம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை! வரலாறு என்றே நம்பியிருந்தாள். புதினம் எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் புதினம் என்று சொல்லித்தான் எழுதினார்.

1025-இல் நடந்தது திருமண ஊர்வலம் அன்று. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், பெருநிதியும் வித்தியாதர தோரணம் என்னும் வாயிலும் கொள்ளப்பட்டதையும் பெருமையோடு அடுக்குகிறது. வென்றவன் பக்கக் கூற்று அது. தோற்ற ஊரில் தீயும் ஓலமும் இருந்திருக்கும். அதே சோழர்கள்தாம், இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தவர்கள். நட்பாக இருந்த இரு துறைமுகங்கள் ஒரே தலைமுறையில் பகையானது எப்படி? நாகப்பட்டினத்தில் விகாரத்தைக் கண்டு வளர்ந்த சோழ வீரன் ஒருவன் கடாரத்தில் கொள்ளைக்கு இறங்கும்போது அவன் நெஞ்சில் என்ன நடந்திருக்கும்? ஆயிரம் ஆண்டுகள் சாகவிடாமல் ஒருவனை அலையவைக்க அந்தக் குற்றவுணர்வு போதாதா? அச்சத்தில் நடுங்கும் ஒரு பெண்ணைக் காதலி என்று எழுதித்தான் ஆகவேண்டுமா?

பக்கத்து மேசையில் கெடாவைச் சேர்ந்த மலாய்த் தோழி அமர்ந்திருக்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம். அவளிடம் மொழிபெயர்த்துப் படித்துக்காட்டக் கூசாத கதையாக அது இருக்கவேண்டும் என்று மாணவியிடம் சொன்னேன்.

தொன்மத்தை எடுப்பதிலும் இதே பொறுப்பு உண்டு. 2005-இல் வெளிவந்த டுவைலைட் புதினம் அமெரிக்காவின் குவிலியூட் பழங்குடியினரை ஓநாயாக மாறும் இளைஞர்களாக்கியது. ஓநாயிலிருந்து தம் முன்னோர் உருவாக்கப்பட்டனர் என்பது அவர்களின் தொன்மம். அதிலிருந்து கிளைத்துப் புதினத்தில் வந்தவை அவர்களுடையவை அல்ல. கடைசியில் சியாட்டலின் பர்க் அருங்காட்சியகம் அம்மக்களோடு சேர்ந்து, எது உண்மை, எது புதினம் என்று பிரித்துக் காட்டவேண்டி வந்தது. நமக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரி மக்கள் இருக்கிறார்கள். சதுப்பு நில மரத்தில் அவர்கள் செதுக்கும் முகமூடிகளில் 'மோயாங்' என்னும் மூதாதை ஆவிகள் உறைகின்றன. ஆண்டுதோறும் அவர்களுக்கு விழா எடுக்கிறார்கள். அந்த முகம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம் கதையில் வில்லனாக்கிவிட முடியாது. தீவுக்குப் போய், பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நம் முனியாண்டியை யாராவது அப்படிச் செய்தால் விடுவோமா?

இதெல்லாம் வெறும் கதைதானே, எதற்கு இவ்வளவு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். 2013-ஆம் ஆண்டை நினைவூட்டினேன். பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. தனியார் நிலம், மரபுச் சின்னமாக அரசிதழில் பதியப்படவும் இல்லை. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய அடித்தளம் இயந்திரத்துக்கு முன் நிற்கவில்லை. அந்த வாரம் ஆசிரியர் அறையில் நான் கேட்டுப்பார்த்தேன். கடல்புறாவின் காதற்காட்சிகளை வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். அந்தச் சண்டியை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நானும் பார்த்ததில்லை. எத்தனையோ முறை பினாங்குக்குச் சுற்றுலா போயிருக்கிறேன். மெர்போக் அங்கிருந்து வெகுதூரம் இல்லை. கற்பனைக் கடாரத்துக்கு நாம் அத்தனை பேரும் குடிமக்கள். உண்மைக் கடாரம் இடிபடும்போது அதற்கு ஆளில்லை.

நான்காம் ஆண்டிலிருந்து வரலாற்றுப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களே, பெயரையும் ஆண்டையும் மனனம் செய்யவைப்பதோடு நிறுத்திவிட்டு, பிள்ளைகள் வரலாற்றைத் திரித்து எழுதுகிறார்கள் என்று புலம்ப நமக்கு உரிமையில்லை. தூண்கல்லில் ஏன் குழி இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, மகள் எழுதட்டும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ பேய் இருக்கட்டும்கிறீங்களா, டீச்சர்?" என்றார். இருக்கட்டும் என்றேன். போன வாரம் முதல் அத்தியாயம் திருத்தி வந்திருக்கிறது. கோபுரம் போய்விட்டது. இளவரசி இப்போது தப்பி ஓடுகிறாள். தளபதி அவளைப் பிடிக்கவில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் மூவரும் மெர்போக் போவதாக இருக்கிறோம். வாடகை வண்டியில் இன்னும் நான்கு இடங்கள் இருக்கின்றன. வர விரும்பும் பெற்றோர் தெரிவிக்கலாம்.