விரலால் எழுதும் தமிழ்

பெங்களூருவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் கன்னடமும், வீட்டில் தமிழும் பேசுகின்றனர். ஊரிலுள்ள பாட்டிக்குச் செய்தி அனுப்பும்போதோ ஆங்கில எழுத்துகளையே தட்டுகின்றனர். தமிழ்ச் சொல்லைக் கைப்பேசி எடுத்துத் தருகிறது. எளிதுதான். ஆயினும் ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் தட்டும் எழுத்துகள் ஒன்றே. திரை காட்டுவனவற்றுள் ஒன்றைத் தொடுவதோடு பிள்ளையின் வேலை முடிகிறது. எழுதாத எழுத்து மறந்துபோகும். ஊருக்குச் சென்றால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் திணறும் பிள்ளைகளும் உள்ளனர்.

இதற்கு மாற்று, திரையில் விரலால் எழுதுவது. விரல் தொடங்கிய இடத்தையும் சென்ற திசையையும் கொண்டு கருவி எழுத்தை அறிகிறது. 2015 ஏப்ரலில் கூகுள் நிறுவனம் 82 மொழிகளுக்கு வெளியிட்ட கையெழுத்துச் செயலியில் தமிழும் இடம்பெற்றது. அதற்கு முன்பே பெங்களூருவில் இத்துறையில் ஆய்வுகள் நடந்தன. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ், கன்னடக் கையெழுத்துகளைக் கணினி அறியுமாறு செய்ய உழைத்தனர். எச்.பி. நிறுவனத்தின் பெங்களூரு ஆய்வகம் பலருடைய தமிழ்க் கையெழுத்தைத் திரட்டியது. 2006ஆம் ஆண்டின் பன்னாட்டுப் போட்டி ஒன்றில் அத்தொகுப்பு பயன்பட்டது. தமிழ் எழுத்துகள் 247 எனினும், கிரந்த எழுத்துகளையும் சேர்த்து 156 வடிவங்களே அதில் போதுமாயின. ‘கா’, ‘கை’ போன்றவற்றில் துணைக்குறிகள் தனித்து நிற்பதே காரணம். விரைந்து எழுதிய துணைக்காலும் ‘ர’வும் மனிதக் கண்ணையே ஏமாற்றும், கணினியைக் குறைகூறுவானேன்?

விரைவில் தட்டெழுத்தே வெல்லும். நீண்ட கட்டுரைக்கு, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையே ஏற்றது. அதில் ‘க’வை அடுத்து ‘உ’வைத் தட்டினால் ‘கு’ தோன்றும். உயிர்மெய் பிறக்கும் முறையும் பழகும். எழுத்தறிந்தவருக்கு அது போதும். கற்றுவரும் பிள்ளைக்குப் போதாது. விசையில் ‘ழ’ ஆயத்தமாக இருக்கிறது. விரல் அதனை வளைத்து எழுதப் பழகுவதில்லை. ஆகவே கற்கும் பருவத்தில் விரலெழுத்தே முதலில் வரவேண்டும்.

அதிலும் ஓர் இடர் உண்டு. ‘வாழைப்பளம்’ என்று பிழையாக எழுதினாலும் கருவி ‘வாழைப்பழம்’ என்று திருத்திக் காட்டக்கூடும். பிழை தானே மறைந்தால் பிள்ளை எதனைக் கற்கும்? நான்கு வரிச் செய்தியாயினும் முதலில் நோட்டில் எழுதி, பின்னர் திரையில் எழுதுவது நன்று. கருவி மாற்றிய சொல் எது என்பது அப்போது தெரிந்துவிடும்.