கிறிஸ்துமஸ் ஆங்கிலேயர் விழாவா?



கடந்த வாரம் எங்கள் பள்ளியின் ஆங்கில மொழிப் பணித்தியக் கூட்டத்திற்கு என்னையும் அழைத்திருந்தனர். நான் தமிழாசிரியன். எனினும், இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியனாக இருப்பதால், அம்மாணவர்களுக்காக நடத்தவிருக்கும் கிறிஸ்துமஸ் விருந்தைத் திட்டமிடுவதில் எனக்கும் பங்கு உண்டாம். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், கிறிஸ்துமஸ் ஆண்டிறுதி விடுமுறைக்குள் போய்விடுகிறது. ஆகவே விடுமுறைக்கு முந்திய வாரத்தில் விருந்து. பிள்ளைகள் தயக்கமின்றி ஆங்கிலம் பேச வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தில் எனக்குச் சிறிதும் மாறுபாடு இல்லை.

என் கைக்கு வந்த திட்டத்தாளில் இருந்தவை இவை:

1. வகுப்பறை முழுவதும் பஞ்சால் பனி. தாளில் செய்த பனிமனிதன்.
2. பிள்ளைகள் அனைவருக்கும் சிவப்புத் தொப்பி. ஆசிரியர் ஒருவர் கிறிஸ்துமஸ் தாத்தா.
3. 'ஜிங்கிள் பெல்ஸ்' பாடல், மனப்பாடமாக.
4. 10 வெள்ளிக்குக் குறையாத அன்பளிப்புப் பரிமாற்றம்.
5. விருந்து முடியும்வரை தமிழ் பேசக்கூடாது. பேசினால் 20 காசு தண்டம்.

"ஆங்கிலேயர் கொண்டாடுவதைப் போலவே இருக்க வேண்டும்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையசைத்தனர். நானும் அப்போது வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் வகுப்பில் ஒரு கிறிஸ்தவச் சிறுமி இருக்கிறாள். மறுநாள் ஓய்வு நேரத்தில், வீட்டில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று அவளிடம் கேட்டேன். மணி அடிக்கும்வரை பேசினாள். அப்பா மூங்கிலைப் பிளந்து, தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் விண்மீன் கட்டுவாராம். பாட்டி அச்சு முறுக்குச் சுடுவாராம். அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடேற்றாவிட்டால் மாவு அதில் பிடிக்காது என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரவில் கோயிலிலிருந்து கீத பவனி வருமாம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவளுடைய வேலையாம்.

"இதையெல்லாம் ஆங்கில ஆசிரியையிடம் சொன்னாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். அது தமிழ்க் கிறிஸ்துமஸ். டீச்சர் செய்யப்போறது இங்கிலீஷ் கிறிஸ்துமஸ்."

எட்டு வயதுப் பிள்ளை. ஆங்கில வகுப்பில் தன் வீட்டுக்கு இடமில்லை என்பதை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டுவிட்டாள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த விடைதான் காரணம்.

யாருடைய விழா?

கிறிஸ்துமஸை ஆங்கிலேயர் விழா என்று கருதுவது பெரும் அறியாமை. இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் பெத்லகேம் இங்கிலாந்தில் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலஸ், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மைரா என்னும் ஊரின் ஆயர். அலங்கார மரம் செருமானியர் வழக்கம். 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பாடல். அதில் கிறிஸ்துமஸ் என்னும் சொல்லே கிடையாது! பனியில் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் போவதைப் பற்றிய பாட்டு அது.

தமிழுக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள உறவோ ஆங்கிலேயர் வருகைக்கும் முந்தியது. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அது ஒரு கிறிஸ்தவ நூல். ஆங்கிலேயரின் கிழக்கிந்திய நிறுவனம் தோன்றியதே 1600ஆம் ஆண்டில்தான். பின்னர், 18ஆம் நூற்றாண்டில், சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு வீரமாமுனிவர் 'தேம்பாவணி' பாடினார். அவரும் இத்தாலியர், ஆங்கிலேயர் அல்லர்.

இவ்வளவு தொலைவு போவானேன்? முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966ஆம் ஆண்டு நம் கோலாலம்பூரில் நடந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அதற்கு முதன்மையாக உழைத்த சேவியர் தனிநாயகம் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குரு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். தமிழின் சிறப்பை உலகுக்கு உரைக்க 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவரும் அவரே. கிறிஸ்தவர், தமிழர், ஆங்கிலம் வல்லவர் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் முரண்பாடின்றி இருந்தன. நம் வகுப்பறையில் மட்டும் ஏன் அவற்றைத் தனித்தனியே பிரிக்கிறோம்?

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர். 30 பேர் கொண்ட வகுப்பில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். அந்த ஒருவர் இருவருடைய விழாவை எடுத்து, அவர்களே அடையாளம் காணமுடியாத கோலத்தில் அவர்கள் கண்முன் நடத்துகிறோம்.

பஞ்சுப் பனியில் என்ன ஆங்கிலம்?

சில ஆண்டுகளுக்கு முன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' நூல் தொடக்கநிலை ஆங்கிலப் பாடநூலாக வந்தபோது நாம் என்ன குறை சொன்னோம்? "நம் பிள்ளைகளின் வாழ்க்கை இதில் இல்லை, அயல்நாட்டுச் சூழலாக இருக்கிறது" என்றோம். இப்போது பாடநூல் யாருடையதும் அன்று, விருந்து நம்முடையது, திட்டமிடுவோர் நாம். நாமே விரும்பிப் பஞ்சு வாங்கிப் பனி செய்கிறோம்!

பொருள் விளங்காத பாட்டை ஒரே குரலில் பாடுவது மொழிப் பயிற்சி ஆகாது. இரண்டாம் ஆண்டு மாணவர் நான்கைந்து சொல் கொண்ட வாக்கியம் அமைக்கக் கூடியவர். தான் கண்டதை, தொட்டதை, தின்றதைச் சொல்லும்போதுதான் அவ்வாக்கியம் வாயிலிருந்து எளிதாக வரும். "மை கிராண்ட்மதர் மேக்ஸ் முறுக்கு" என்று அந்தச் சிறுமி சொல்லியிருந்தால், அது அவளே ஆக்கிய ஆங்கிலம். சறுக்கு வண்டியைப் பற்றி அவள் பாடுவது வெறும் ஒலி.

தமிழ் பேசினால் தண்டம் என்பதைப் பற்றி என்ன சொல்ல! தமிழ்ப்பள்ளியில் தமிழுக்குத் தண்டம் என்று நாளை யாரேனும் வெளியிலிருந்து சொன்னால் கொதித்தெழுவோம். நாமே செய்தால் அது ஆங்கில வளர்ச்சி! தண்டத்துக்கு அஞ்சும் பிள்ளை ஆங்கிலம் பேசாது; வாயை மூடிக்கொண்டிருக்கும். 20 காசை மிச்சப்படுத்த அதுவே எளிய வழி.

10 வெள்ளி அன்பளிப்பும் அவ்வாறே. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அது 30 வெள்ளி. கொண்டுவர இயலாத பிள்ளை அன்று பள்ளிக்கே வராது. யாருக்காக நடத்தினோமோ அவர்களே வாராத விருந்து எதற்கு?

மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல்

இதைப் படித்துவிட்டு, "சரியாகச் சொன்னீர்கள். தமிழ்ப்பள்ளியில் கிறிஸ்துமஸ் எதற்கு? விருந்தையே நிறுத்துங்கள்" என்று சிலர் மகிழக்கூடும். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் ஒரு சமயத்தாரின் உடைமை அன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை இலக்கியப் பாடத்தில் போற்றிவிட்டு, வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் விழாவுக்குக் கதவடைப்பது எவ்வகை நியாயம்? வழிபாடு வேறு, அண்டை வீட்டார் விழாவை அறிந்து மகிழ்வது வேறு. எப்பிள்ளையையும் வழிபடச் சொல்லவேண்டா. பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால் ஐயத்துக்கே இடமில்லை.

என் மாற்றுத் திட்டம்

குறை கூறுவது எளிது என்பர். ஆகவே என் முன்மொழிவையும் வைக்கிறேன்.

முதலாவது, பனிமனிதனுக்குப் பதில் விண்மீன். மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் போதும். 'வெட்டு, மடி, ஒட்டு, கட்டு' என ஆசிரியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்யட்டும். கட்டளையைக் கேட்டுக் கை செய்யும்போது வினைச்சொற்கள் தாமே மனத்தில் பதியும்.

இரண்டாவது, பலகாரத் தட்டு. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் சொல்லவேண்டிய வாக்கியங்களை முன்னரே பழக்கிவிட்டு, பிள்ளைகளே ஒருவருக்கொருவர் பரிமாறட்டும். முட்டை உண்ணாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. அணிச்சல் ஒன்றையே வைத்துவிட்டால் அவர்கள் வெறுங்கையோடு நிற்பர். முட்டை சேர்க்காத முறுக்கும் பழங்களும் இருக்கட்டும்.

மூன்றாவது, கடையில் வாங்கிய அன்பளிப்பு வேண்டா. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வரி ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து அட்டை எழுதட்டும். தோட்டக்காரருக்கோ, சிற்றுண்டிச்சாலை அம்மாவுக்கோ, பக்கத்து வீட்டாருக்கோ அது போகட்டும். தாம் எழுதிய ஆங்கிலத்தை ஒருவர் உண்மையிலேயே படிக்கப்போகிறார் என்று அறிந்தால் பிள்ளைகள் எழுத்துப்பிழையையும் பார்ப்பார்கள்.

நான்காவது, தண்டம் வேண்டா. ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் பிள்ளை தமிழில் சொல்லட்டும். ஆசிரியை அதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கொடுக்கட்டும். பிள்ளை மீண்டும் சொல்லட்டும். மொழியறிவு வளர்வது அந்த இடத்தில்தான்.

இத்தனையும் சொல்லும் நானும் குற்றமற்றவன் அல்லன். பணியில் சேர்ந்த புதிதில், ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லாமல் என்னிடம் அப்பாடம் ஒப்படைக்கப்பட்டபோது, இதே பஞ்சை நானும் சுவரில் ஒட்டியிருக்கிறேன். படம் எடுத்து அலுவலகப் பலகையில் மாட்டினோம். அழகாகத்தான் இருந்தது. அவ்வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளை யாரேனும் இருந்தார்களா என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அன்று நான் கேட்கவே இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் கூட்டம். ஆங்கில வகுப்பில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். என் மாணவி தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அதுதான் என் வேலை என்பேன். இம்முறை வாய் திறப்பேன்.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய விருந்து நடக்கவிருந்தால், பஞ்சு வாங்கப் போவதற்கு முன் வகுப்பிலுள்ள அந்த ஒரு பிள்ளையிடம் கேளுங்கள், ஆசிரியர்களே!