கடையை மூடச் சொல்லும் நாம் கதவைத் திறந்தோமா?

காவிரி பாயும் தஞ்சை நிலத்தில், அறுவடை முடிந்து கூலி கைக்கு வரும் மாலையில், வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடை திறந்திருக்கின்றது. நெல் விளைவித்தவன் வீட்டில் உலை கொதிக்கு முன்னரே அவன் கைப்பணம் கரைகின்றது. இதற்கு அரசைக் கடிகின்றோம், கடியத்தான் வேண்டும். குடிவிலக்கை 1971இல் நீக்கினர். 1974இல் மீண்டும் கொணர்ந்தனர். 1981இல் மறுபடியும் நீக்கினர். 2003இல் சில்லறை விற்பனையையே அரசு வாணிகக் கழகத்தின் கையில் ஒப்படைத்தனர். ஆள்வோர் மாறினர், பணப்பெட்டியின் பசி மாறவில்லை.

ஆயின், தோழர்களே, ஒரு வினா. கடைகள் மூடப்படும் நாள் வரட்டும். அதுவரை, விடியலில் கை நடுங்க எழுந்து, ‘இன்றோடு விட்டொழிப்பேன்’ என்று எண்ணுகின்றானே ஒருவன், அவன் எங்கே போவான்? அவனை எள்ளினோம், அறிவுரை கூறினோம், கள்ளுண்ணாமை அதிகாரத்தை மேடைதோறும் விளக்கினோம். அவன் அறியாததையா கூறினோம்? குடியின் கேட்டை நம்மினும் நன்கு அறிந்தவன் அவனே. அறிந்தும் விடமுடியாமையே அவன் நோய்.

நோய் என்று கொண்டால் செய்ய வேண்டுவதும் விளங்கும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் ஒரே நாளில் தானாக நிறுத்தினால், வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிருக்கே கேடு நேரலாம். எனவே முதற்படி மருத்துவம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் உளமருத்துவர்களை அணுகலாம். கட்டணமின்றி உளநல அறிவுரை தரும் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

மருத்துவம் நஞ்சை இறக்கும், தனிமையை இறக்காது. அதற்குத்தான் துணைக்குழு. 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடியை விட்டுச் சில திங்களேயான பில் வில்சன் என்பவர், மீண்டும் குடிக்கத் தூண்டும் வேட்கையினின்று தப்ப, தம்மைப் போன்ற இன்னொரு குடியரைத் தேடிப் போய்ப் பேசினார். அவர் பாப் சுமித் என்னும் மருத்துவர். அவ்விருவர் பேச்சில் பிறந்ததே ‘ஆல்ககாலிக்சு அனானிமசு’ எனும் உலகளாவிய தோழமை. அங்குக் கட்டணமில்லை. குடியை விட வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. ஊரும் குலமும் எவரும் கேட்பதில்லை. கேட்டதை வெளியே சொல்வதுமில்லை. முதல்நாள் வாய் திறவாமலே அமர்ந்திருந்து வரலாம். பண்ணையாரும் அவர் வயலில் நடவு செய்தவனும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே தோல்வியைச் சொல்லும் இடம் நம் நாட்டில் வேறெங்கு உண்டு?

அவர்தம் பன்னிரு படிகளில் கடவுள் பற்றிய சொல் வருகின்றதே எனப் பகுத்தறிவாளர் தயங்கலாம். தத்தமக்கு விளங்கியவாறு கொள்க என்றே அப்படிகள் கூறுகின்றன. கூடியிருப்போரின் ஆற்றலையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொண்டு மீண்டவரும் பலர். உயிர் காக்கும் படகில் ஏறுமுன் படகோட்டியின் கோட்பாட்டை ஆராய்தல் வேண்டா.

இவை நகரத்தார்க்கே உரியன என்பதும் பிழை. தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி அரங்கநாதன் 1980இல் சென்னையில் தோற்றுவித்த டி.டி.கே. மருத்துவமனை, பழைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடிச் சிற்றூரில் குடிநோய் மருத்துவ முகாம்களை நடத்திக் காட்டியது. நோயரை ஊரைவிட்டு அகற்றாமல், குடும்பத்தாரையும் ஊராரையும் உடன்சேர்த்தே நலப்படுத்தும் முறை அது. அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது.

இனி நம் கடமை. வாயில் நுழையாத பெயர்ப்பலகையின் கீழ் நம் உழவன் நுழையான். ஆகவே இக்குழுக்கள் நம் தாய்மொழியில், நம் தெருவில் நடைபெறல் வேண்டும். கிழமைக்கு ஒரு மாலை நம் படிப்பகங்களைத் திறந்துவிடுவோம். அக்குழுவினர் எவ்வியக்கத்தையும் சாராதவர். பிறர் கொடை பெறாதவர். எனவே அம்மாலையில் நம் கொடி வேண்டா, படங்கள் வேண்டா. அவர் தரும் இடக்கூலியை மறுக்கவும் வேண்டா. குடியரின் மனைவியர்க்கும் இத்தகைய தனிக்குழு உண்டு. அவர்க்கும் இடம் தருவோம்.

இறுதியாக ஒன்று. நம் தோழர்களுள்ளும் குடிப்போர் உளர். கொள்கைக்கு இழுக்கு என்று மறைக்கின்றோம். மறைத்தே அவர்களைப் புதைக்கின்றோம். இதைப் படிக்கும் தோழரே, அவர் நீவிராயின், இக்கிழமையே செல்க. தனியே செல்ல நாணம் தடுப்பின், நம்முள் ஒருவரைக் கூப்பிடுக. அவர் வாயில்வரை உடன்வருவார்; ஏன் என்று கேளார்.